மறுதுவையல் கூடை

மார்ச் 4, செவ்வாய்

நாத்தனாருக்கு,

பயப்படாதே, துணி சுத்தமானதுதான். கிழிந்த படுக்கை விரிப்பை நாலாக வெட்டி, வார்டு எண் போடுகிற மையால் எழுதுகிறேன். எத்தனை கொதிநீரில் போட்டாலும் அந்த மை போகாது என்று உனக்கும் தெரியும். காகிதத்தில் எழுதினால் வாசல் சோதனையில் பிடுங்கிவிடுகிறார்கள். உன் அண்ணனிடம் கொடுத்தனுப்பலாம் என்றால், "என்னை நடுவுல இழுக்காதே, நான் வேன் ஓட்டுறவன்" என்கிறார். வீட்டில் நான் பேசுகிறேன், அவர் பாத்திரம் கழுவுகிறார். ஆறு வருஷம் இப்படித்தான் ஓடியிருக்கிறது.

நம் சலவைக் கம்பெனியின் மூன்றாம் எண் இயந்திரத்தில் ஆஸ்பத்திரி அழுக்குத் துணியைப் போடுவது நான். அதே இயந்திரத்தின் மறுபக்கக் கதவைத் திறந்து வெளுத்த துணியை எடுப்பது நீ என்று போன வாரம்தான் அவர் வாயிலிருந்து வந்தது. அப்படியானால் ஆறு வருஷமாக நான் போட்டதை நீ எடுத்துக்கொண்டிருக்கிறாய். நடுவில் ஒரு சுவர். உங்கள் பக்கக் கதவு திறந்திருந்தால் எங்கள் பக்கம் திறக்காது. இயந்திரத்தையும் இப்படிப் பழக்கிவிட்டிருக்கிறார்கள், பார்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அறையில் சிட்டு என்று ஒரு பெண். கல்யாணமாகி எட்டு மாதம். நேற்றுக் காலை ஒரு துணிக்கட்டைப் பிரிக்கும்போது விரிப்புக்குள் சுருண்டு கிடந்த ஆஸ்பத்திரி ஊசி அவள் உள்ளங்கையில் இறங்கிவிட்டது. இந்த மாதிரி நடப்பது இந்த வருஷத்தில் ஐந்தாவது தடவை. முதலுதவி அறை உங்கள் பக்கம். சுவரில் உள்ள கதவைத் திறந்தால் முப்பது எட்டு வைத்தால் போதும். மேற்பார்வையாளர் சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டே, "அந்தப் பக்கம் போனா சுத்தம் கெட்டுடும், சுத்தி வா" என்றார். பின்வாசல் வழியாக வெளியே போய், கட்டடத்தைச் சுற்றி, காவலாளியிடம் கெஞ்சி, உங்கள் ஆட்கள் எல்லாரும் டாக்டரைப் பார்த்து முடிக்கும்வரை வெயிலில் நின்றாள். கடைசியில், "டாக்டர் போயிட்டார், நாளைக்கு வா" என்று சொல்லிவிட்டார்கள். நோய் தொற்றாமல் தடுக்கிற மருந்தைச் சில மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். இன்றைக்கும் போடவில்லை. அவளுடைய கவனக்குறைவு என்று தாளில் எழுதியாயிற்று.

உங்கள் சங்கத்தில் நீ குழு உறுப்பினர். எங்களை அதில் சேர்ப்பதில்லை, அந்த வயிற்றெரிச்சல் இருக்கட்டும். இரண்டே விஷயம் கேள். ஒன்று, ஊசி இறங்காத கையுறை. இன்னொன்று, அந்தக் கதவு. பதிலை மறுதுவையல் கூடையில் போடு. கறை போகாமல் நீங்கள் திருப்பி அனுப்புகிற துணியை நான்தான் எடுக்கிறேன்.

உன் அண்ணன் மனைவி.
உங்கள் பக்கத்தில் எனக்கு ஒலிபெருக்கி என்று பெயராம். நல்ல பெயர்தான்.

*

மார்ச் 7, வெள்ளி

அண்ணன் மனைவி அவர்களுக்கு,

உங்கள் துணி எங்கள் பக்கம் வந்து விழுந்தபோது என்னுடன் இரண்டு பேர் இருந்தார்கள். நான் அதைச் சட்டென்று சுருட்டி ஏப்ரனுக்குள் செருகாமல் இருந்திருந்தால் என் வேலை அன்றோடு போயிருக்கும். அடுத்த முறை எழுதுவதானால் தலையணை உறைக்குள் மடித்து வையுங்கள். அடுத்த முறை வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தேன்.

நீங்கள் கேட்ட இரண்டையும் செயலாளரிடம் சொன்னேன். "முதல்ல நம்ம பொண்ணுங்க பிரச்சினை முடியட்டும், அப்புறம் அவங்களைப் பாக்கலாம்" என்றார். எங்கள் சங்கத்தைப் பதிவு செய்யவே பதினோரு வருஷம் ஆயிற்று. ஊரைப் பிரிக்கிற வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஆட்களைச் சேர்த்தால் பாதிப் பேர் விலகிவிடுவார்கள். இது என் கருத்து இல்லை, நடப்பு.

என் கருத்தையும் கேளுங்கள், ஆறு வருஷமாக யாரும் கேட்கவில்லை. அண்ணன் உங்களைக் கல்யாணம் செய்துகொண்டு வாய்க்காலைத் தாண்டிப் போன அதே வாரம் என் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் விலகிக்கொண்டார்கள். நான் கட்டுவதாக இருந்த சேலை மடிப்புக் கலையாமல் இருக்கிறது. துணியை மடிப்பது என் தொழில் அல்லவா. எனக்கு முப்பத்து நான்கு வயது. அம்மா போனபின் வீட்டில் நான் ஒருத்தி. நீங்கள் ஊருக்கெல்லாம் நியாயம் கேட்கிறீர்கள். எனக்கு யார் கேட்டார்கள்?

அந்தப் பெண் வெயிலில் நின்றதை நானும் ஜன்னலில் பார்த்தேன். யாருக்காகவோ காத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

அண்ணனுக்கு இருமல் விட்டதா?

*

மார்ச் 13, வியாழன்

நாத்தனாருக்கு,

தலையணை உறைக்குள் மடித்திருக்கிறேன். உன் மடிப்பு அளவுக்கு நேர்த்தி இருக்காது.

உன் கல்யாணம் நின்றது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும். ஒரு வார்த்தை எழுதியிருக்க வேண்டும். எழுதாதது என் தப்பு. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள். உன்னை விட்டுவிட்டு ஓடியவன் அந்த மாப்பிள்ளை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பிறந்தவளை உன் அண்ணன் கட்டினால் உன் கையிலும் அழுக்கு ஒட்டும் என்று சொன்னது அவன் வீடு. அவர்கள் மேல் வராத கோபம் ஆறு வருஷமாக என் மேல் எப்படி வந்தது? நான் கிட்டத்தில் இருந்தேன், அதனாலா? நான் கிட்டத்தில்கூட இல்லையே, சுவருக்கு அந்தப் பக்கமல்லவா இருந்தேன்!

நான் ஊருக்கெல்லாம் நியாயம் கேட்கக் கிளம்பியவள் இல்லை. தாகம் எடுத்தது, அவ்வளவுதான். பத்தொன்பது வயதில் இங்கே சேர்ந்தேன். உங்களுக்குக் குளிர்ந்த நீர்த் தொட்டி, எங்களுக்குச் சாக்கடை ஓரத்தில் ஒரு குழாய். ஒரு நாள் அந்தத் தண்ணீரை ஒரு குவளையில் பிடித்துக்கொண்டு போய் மேலாளர் மேஜையில் வைத்து, "ஒரு வாய் குடிங்க சார், நான் போயிடறேன்" என்றேன். குடிக்கவில்லை. பதினைந்து நாள் வேலை நீக்கம். திரும்பி வந்தால் எங்கள் பெண்கள் என் இடத்தில் யாரையும் நிற்க விடாமல் வைத்திருந்தார்கள். அன்றைக்கே எங்கள் சங்கம் தொடங்கிவிட்டது, பெயர்தான் பிறகு வைத்தோம்.

அப்புறம் வாய்க்கால் பாலம். வேலை விட்டு வருகிற எங்கள் ஆட்களை மட்டும் போலீஸ் நிறுத்தி அடையாளச் சீட்டு கேட்கும். உங்கள் கம்பெனி பேருந்து பக்கத்தில் விர்ரென்று போகும். எல்லாரையும் நிறுத்து, இல்லாவிட்டால் யாரையும் நிறுத்தாதே என்று முப்பது பேர் பாலத்தில் உட்கார்ந்தோம். மூன்று நாள் உள்ளே வைத்தார்கள். பாலத்தில் சோதனை நின்றது. உன் அண்ணன் வேனோடு அந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். கல்யாணக் கதை அங்கே ஆரம்பித்ததுதான். என்னத்தைச் சொல்ல.

வரும் திங்கட்கிழமை முதல் நாங்கள் இயந்திரத்தில் துணி போட மாட்டோம். அறுவை அறைத் துணியும் குழந்தைகள் வார்டுத் துணியும் மட்டும் போட இரண்டு பேரை உள்ளே விடுகிறோம். நோயாளிகளோடு எங்களுக்குச் சண்டை இல்லை. கையுறையும் கதவும் வரும்வரை மற்ற எதுவும் ஓடாது. நாலு மணி நேரத்தில் உங்கள் பக்கம் வெறிச்சோடிவிடும். அப்போதாவது சுவருக்கு இந்தப் பக்கம் ஆட்கள் இருந்தோம் என்று தெரியட்டும்.

சிட்டுவுக்கு இன்னும் மருந்து போடவில்லை. பத்து நாள்.

இருமல் விட்டது. உன்னைப் பற்றி "பாப்பா எப்படி இருக்கா"னு நாலு தடவை கேட்டார், நான் என்னவோ தினமும் உன்னைப் பார்க்கிற மாதிரி.

*

மார்ச் 18, செவ்வாய்

அண்ணன் மனைவி அவர்களுக்கு,

இதைக் காகிதத்தில் எழுதி அண்ணன் வேனில் வைக்கிறேன். மூன்றாம் எண் இயந்திரத்தில் உங்கள் பக்கம் நிற்க இப்போது நீங்கள் இல்லை. நான் நிற்கிறேன்.

ஆமாம். நேற்றும் இன்றும் எங்களில் பன்னிரண்டு பேரை உங்கள் அறைக்கு அனுப்பினார்கள். செயலாளரே பெயர் வாசித்தார். மறுத்தால் சங்கத்தை விட்டு நீக்குவோம் என்றார். நான் மறுக்கவில்லை. உங்களுடைய இரண்டு பெண்களையும் நேற்று மதியமே வெளியே தள்ளிவிட்டார்கள். அறுவை அறைத் துணியை நான்தான் போட்டேன், அதையாவது சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு அந்தக் கதவைத் திறந்துவிட்டார்கள். பூட்டில் எண்ணெய்கூடப் போட்டிருந்தார்கள். சுத்தம் கெடும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆறு வருஷமாக நான் எடுத்த துணி எங்கிருந்து வருகிறது என்று இன்றுதான் பார்த்தேன். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. அந்தக் குழாயையும் பார்த்தேன். சுவரில் யாரோ கரியால் வரிசையாகக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். எத்தனை பேருக்கு ஊசி குத்தியது என்ற கணக்காக இருக்கலாம். எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

இன்று காலை பத்து மணிக்கு எனக்கும் குத்திவிட்டது. தப்பு என்னுடையது. எங்கள் பக்கம் விரிப்பை எடுத்தவுடன் இரண்டு முனையைப் பிடித்து ஓங்கி உதறுவோம், சுருக்கம் விட. கை தானாகச் செய்யும். புதுக் கட்டை அவிழ்த்தேன், முதல் விரிப்பை எடுத்தேன், பழக்க தோஷத்தில் உதறினேன். உள்ளேயிருந்த ஊசி பறந்து என் முழங்கையில் குத்தி நின்றது. நீங்கள் யாரும் உதற மாட்டீர்கள், கழியால் மெல்லப் பிரிப்பீர்கள் என்று அப்புறம்தான் மூலையில் இருந்த கழிகளைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

கத்தினேன். கதவு உடனே திறந்தது. இரண்டே நிமிஷத்தில் முதலுதவி அறைக் கட்டிலில் இருந்தேன். டாக்டரை வீட்டிலிருந்து வரவழைத்தார்கள். மருந்து போட்டார்கள். மேலாளரே வந்து தலையணையைச் சரி செய்தார். ஏதோ தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார், மருந்துக்கான தாளாக இருக்கும், போட்டேன். ஆறு மாதம் ரத்தம் பார்க்க வேண்டுமாம்.

முப்பது எட்டு என்று எழுதியிருந்தீர்கள். எண்ணிப் பார்த்தேன். இருபத்தாறுதான்.

*

மார்ச் 24, திங்கள்

நாத்தனாருக்கு,

காவலில் இருந்து எழுதுகிறேன். புதன்கிழமை காலை பின்வாசலில் நின்ற என்னைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பாலம் கேஸில் பார்த்த அதே பெண் காவலர், "என்னம்மா, மறுபடியுமா" என்று பெஞ்சை இழுத்துப் போட்டார். பழகிய இடம்தான், அதை விடு.

என் மேல் என்ன புகார் தெரியுமா? வேலைநிறுத்தத்துக்கு முன்னால் அறையில் இருந்த பழைய கட்டுகளுக்குள் நான் வேண்டுமென்றே ஊசியைச் சொருகி வைத்தேனாம். எங்களுக்குப் பதிலாக வருகிறவர்கள் பயப்பட வேண்டும் என்பதற்காகவாம். ஐந்து பேர் கையில் ஊசி இறங்கியபோது கவனக்குறைவு. உன் கையில் இறங்கினால் சதி!

அதற்குச் சாட்சி உன் தாள். இன்ஸ்பெக்டர் எனக்குப் படித்துக் காட்டினார். "எனக்கும் என் அண்ணன் மனைவிக்கும் நெடுநாள் குடும்பப் பகை உண்டு. பழைய கட்டு ஒன்றில் அவர் வைத்த ஊசிதான் என்னைக் குத்தியது." கீழே உன் கையெழுத்து. பெயருக்கு அடியில் ஒரு கோடு இழுத்திருக்கிறாய், உன் அண்ணனும் அப்படித்தான் இழுப்பார். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்ஸ்பெக்டர், "பேசும்மா, ஒலிபெருக்கின்னு சொன்னாங்க" என்றார். தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஜாமீன் கிடைக்கவில்லை. ஏப்ரல் பத்தாம் தேதி நீதிமன்றத்தில் வழக்கு வருகிறது. தண்டித்தால் நான் மட்டும் உள்ளே போக மாட்டேன், எங்கள் சங்கமும் போகும். அழுக்குப் பக்கத்து ஆட்கள் கையுறை கேட்டதால் வரவில்லை, ஊசி வைப்பதற்கு வந்தவர்கள் என்று முத்திரை விழுந்துவிடும். அப்புறம் அந்தக் கதவை என் பேரப்பிள்ளைகள் காலத்திலும் எவனும் திறக்க மாட்டான்.

உன்னிடம் ஒரே கேள்வி. நீ அவிழ்த்த கட்டு பழையதா, அன்றைக்கு வந்ததா?

*

மார்ச் 29, சனி

உங்களுக்கு,

அந்தத் தாளை நான் படிக்கவில்லை. ஒரு கையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள், மறு கையில் பேனாவைக் கொடுத்தார்கள். இதை யாரும் நம்ப மாட்டார்கள். பதினோரு வருஷம் சங்கத்தில் இருந்தவள், படிக்காமல் கையெழுத்துப் போட்டாளாம்! நானே நம்ப மாட்டேன்.

அந்தக் கட்டு பழையது இல்லை. அன்று காலை அண்ணன் வேனில் வந்தது. எலும்பு முறிவு வார்டு போடும் இரட்டை முடிச்சு, நான்தான் நகம் வலிக்க அவிழ்த்தேன். முடிச்சில் ஒரு அட்டை கட்டியிருந்தது. வார்டு பெயர், மார்ச் 18, காலை ஆறு மணி, ஆஸ்பத்திரி முத்திரை. உங்கள் பக்கம் எல்லாரும் அதைத் தரையில் போட்டுவிடுவார்கள் போல, எங்கும் சிதறிக் கிடந்தது. எங்கள் பக்கம் தரையில் ஒன்றும் போடக் கூடாது. நான் அதை மடித்து ஏப்ரன் பையில் வைத்தேன்.

அது இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அலமாரியில், அந்தச் சேலை மடிப்புக்குள்.

நேற்று மேலாளர் கூப்பிட்டார். ஏப்ரல் முதல் வாரம் எனக்கு மேற்பார்வையாளர் பதவி. அதற்குத் தகுந்த குடியிருப்பும் உண்டாம், ஜன்னலைத் திறந்தால் மரம் தெரியும் என்றார். செயலாளர் கைகுலுக்கினார். "நீதிமன்றத்துல ஒரு வார்த்தை, ஆமான்னு சொல்லு, போதும்" என்றார். அந்த அட்டை என்னிடம் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

நான் ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. ஆறு மாதம் ஒவ்வொரு மாதமும் ரத்தம் பார்க்க வேண்டும். ஏதாவது வந்துவிட்டால் என்னை யார் பார்ப்பார்கள்? அண்ணன் உங்கள் வீட்டு ஆள் ஆகிவிட்டார். அம்மா இல்லை. இருப்பது இந்த வேலை ஒன்றுதான். நீங்கள் சிறைக்குப் போனாலும் வெளியே முப்பது பேர் நிற்பார்கள். எனக்கு ஒருத்தரும் நிற்க மாட்டார்கள்.

எதுவும் முடிவு செய்யவில்லை. திட்ட வேண்டுமானால் திட்டுங்கள்.

*

ஏப்ரல் 2, புதன்

பாப்பா,

திட்டத்தான் போகிறேன்.

அட்டை உன் சேலைக்குள் இருக்கிறது. நான் இங்கே சிமெண்ட் தரையில் படுத்திருக்கிறேன். எங்கள் பெண்கள் பதினேழாவது நாளாகப் பின்வாசலில் நிற்கிறார்கள். நீ முடிவு செய்யவில்லையாம்! என்ன முடிவு வேண்டும் உனக்கு? சேலைக்கு எந்த நிறம் என்று தேர்ந்தெடுக்கிற மாதிரியா பேசுகிறாய்? நீ எழுதியதைப் படித்ததும் கடிதத்தைச் சுருட்டி எறிந்தேன். அந்தப் பெண் காவலர் பொறுக்கி என் கையில் கொடுத்து, "உங்க வீட்டு ஆளா" என்றார். ஆமாம் என்றேன். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது, கேட்டவுடனே ஆமாம் என்று வாய் சொல்லிவிட்டது.

சிட்டுவின் ரத்தப் பரிசோதனை நேற்று வந்தது. ஈரல் நோய் தொற்றிவிட்டது. உன் அண்ணன்தான் சீட்டைக் கொண்டுவந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அந்த ஊசியும் அவர் ஓட்டி வந்த வேனில் வந்ததுதான். பதினான்கு வருஷமாக என்னத்தை ஏற்றி வந்தேன் என்று ஒரே வார்த்தை கேட்டுவிட்டுப் போனார்.

உனக்கு ஊசி குத்தியது, சிட்டுவுக்கும் குத்தியது. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வேன், ஒரே டாக்டர். உனக்கு மருந்து இரண்டு நிமிஷத்தில். அவளுக்கு முப்பது நாளாகியும் இல்லை. அவள் உன்னைவிட என்ன குறைச்சல், சொல்லு. நீ எண்ணியிருக்கிறாய், இருபத்தாறு எட்டு என்று எனக்கே திருத்தி எழுதியிருக்கிறாய். அந்த இருபத்தாறு எட்டை அவளுக்கு மறுத்தவன் உனக்கு மரம் தெரியும் ஜன்னல் தருகிறான். வாங்கிக்கொள். திறந்து பார்க்கும்போது வெயிலில் யாராவது நின்றால், யாருக்காகவோ காத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்.

உனக்கு யாரும் நிற்க மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். அது மட்டும் பொய். உனக்கு ரத்தத்தில் ஏதாவது வந்தால் உன்னைப் பார்ப்பது நான். நீ பத்தாம் தேதி என்ன சொன்னாலும் பார்ப்பேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கஞ்சி கொடுப்பேன், ஆனால் பார்ப்பேன். இதை உன்னை மசிய வைக்க எழுதவில்லை. எனக்கு அந்த மாதிரி எழுதத் தெரிந்திருந்தால் எப்போதோ மேலாளர் ஆகியிருப்பேன்.

இனி எழுத மாட்டேன். பத்தாம் தேதி பார்க்கலாம்.

*

ஏப்ரல் 11, வெள்ளி

அண்ணி,

நேற்று நீதிமன்றத்தில் உங்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நான் சொன்னதை நீங்கள் கேட்டீர்கள். நான் உள்ளே வருவதற்கு முன்னும் பின்னும் நடந்ததையும் எழுதுகிறேன்.

அட்டையை ஒன்பதாம் தேதி வரை எடுக்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன், ஜன்னலைப் போய்ப் பார்த்துவிட்டே வந்தேன். நிஜமாகவே மரம் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் பின்வாசலும் தெரிகிறது. சிட்டு அங்கே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், முகம் மஞ்சளாக. நான் இறங்கி அவளிடம் போனேன். என்னைத் தெரியுமா என்றேன். "தெரியும்க்கா, நீங்க மடிக்கிற விரிப்புல ஒரு சுருக்கம் இருக்காதுன்னு அக்கா சொல்லுவாங்க" என்றாள். நீங்கள் அப்படிச் சொல்வீர்களா, அண்ணி? ஆறு வருஷமாகவா? என்னிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே, மனசு ஆறியிருக்குமே!

அந்தச் சேலையைப் பிரித்து அட்டையை எடுத்தேன். மறுபடி மடிக்கவில்லை. அதைக் கட்டிக்கொண்டுதான் நேற்று வந்தேன், கவனித்தீர்களா?

நான் அட்டையை நீட்டியதும் கம்பெனி வக்கீல், "அப்ப கையெழுத்துப் போட்டது பொய்யா" என்று கத்தினார். ஆமாம், படிக்காமல் போட்டது என் குற்றம், அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், ஆனால் அதை எழுதியவர் யார் என்றும் கேளுங்கள் என்றேன். குரல் எங்கிருந்து வந்ததோ. அண்ணன் பின்னால் எழுந்து நின்று, அந்தக் கட்டை அன்று காலை தானே ஏற்றி வந்ததாகச் சொன்னார். நடுவில் இழுக்காதே என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர், கூப்பிடாமலே வந்தார்.

அங்கிருந்து நேரே வேலைக்குப் போனேன். வாசலிலேயே காகிதம் காத்திருந்தது, வேலை நீக்கம். செயலாளர் இன்னொன்று கொடுத்தார், சங்கத்திலிருந்து நீக்கம். இரண்டையும் ஒரு வரி விடாமல் படித்தேன். பிறகு பின்வாசலுக்குப் போய், "சிட்டு, எழுந்திரு" என்றேன். கையைப் பிடித்து முன்வாசலுக்குக் கூட்டிவந்தேன். காவலாளி மறித்தார். "அந்தப் பக்கத்து ஆளும்மா இது" என்றார். நான் சொன்னேன், "அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு எதுவும் இல்ல. இவளுக்கு ஊசி குத்தியிருக்கு, எனக்கும் குத்தியிருக்கு. நான் போன வழியிலதான் இவளும் போவா."

உள்ளே இஸ்திரி உருளை நிற்கிற சத்தம் கேட்டது. அது நின்றால் கூடமே அமைதியாகிவிடும். ஒவ்வொருத்தராக வாசலுக்கு வந்து நின்றார்கள். நாற்பத்திரண்டு பேரில் பதினொரு பேர். மற்றவர்கள் வரவில்லை, சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் பதினொரு பேர் வந்தார்கள், அண்ணி. காவலாளி ஒதுங்கிவிட்டார். சிட்டுவை அந்தக் கட்டிலிலேயே உட்கார வைத்தேன். டாக்டர் வரும்வரை எழுந்திருக்க மாட்டோம் என்றேன். வந்தார். இனி வாரம் ஒரு முறை பெரிய ஆஸ்பத்திரியில் சிகிச்சை என்று எழுதிக் கொடுத்தார். வேலையில் பட்ட காயம் என்று எழுத வைத்தேன். மூன்று தடவை அடித்து எழுதினார்.

என் முதல் ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது. இன்னும் ஐந்து இருக்கிறது.

ஏப்ரனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போ என்றார்கள். கொடுக்கவில்லை. அதில்தான் இதை எழுதுகிறேன், வார்டு எண் போடுகிற அந்த மையால். அண்ணன் துண்டு என்று சொல்லி உள்ளே கொடுப்பார்.

உங்கள் நாத்தனார்.

*

ஏப்ரல் 12, சனி

பாப்பா,

ஏப்ரன் வந்து சேர்ந்தது. பெண் காவலர் விரித்துப் பார்த்துவிட்டு, "துண்டுல என்னம்மா இவ்வளவு எழுத்து" என்றார். என் நாத்தனார் கொஞ்சம் அதிகம் பேசுவாள் என்றேன். அவரும் உட்கார்ந்து முழுக்கப் படித்தார். பதினொரு பேர் என்ற இடத்தில் இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

சேலையைக் கவனித்தேன். நீலம் உனக்கு எடுப்பாக இருக்கிறது. மடிப்பு விழுந்த கோடு தெரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் நீதிபதி என் பெயரைக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

திங்கட்கிழமை என்னை விடுகிறார்கள். புகார் தள்ளுபடி. உன் மேல் பொய்க் கையெழுத்து வழக்கு போடப்போவதாகக் கம்பெனி மிரட்டுகிறதாம், போடட்டும். எனக்குப் பழகிய இடம், பெஞ்ச் எங்கே இருக்கும் என்று உனக்குச் சொல்லித் தருகிறேன். கதவுக்கு இன்னும் பூட்டு இருக்கிறது. கையுறை பற்றி மூச்சே இல்லை. சிட்டுவின் ஈரலை எந்த நீதிபதியும் திருப்பித் தர மாட்டார், அதை நினைத்தால் எனக்கு இந்தக் கம்பிகளைக் கடிக்கலாம் போல இருக்கிறது. அதனால் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு எல்லாரும் முன்வாசலில் நிற்கிறோம். உன் பதினொரு பேரையும் வரச் சொல். கழியால் துணி பிரிக்க அவர்களுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும், உன்னை மாதிரி உதறித் தொலைக்கப் போகிறார்கள்.

உன் சங்கம் உன்னை நீக்கிவிட்டதாமே. எங்கள் உறுப்பினர் படிவம் ஒன்றை உன் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். உன் பெயரை நானே எழுதிவிட்டேன், உறவு என்ற இடத்தையும் நிரப்பிவிட்டேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இந்தத் தடவையாவது படித்துப் பார்த்துவிட்டுப் போடு.

அண்ணி.